தங்கச்சி வீட்டுப் புது ஓடு

வாப்பா ஹிஸ்புல்லா இளைய மகள் அம்ராவின் வீட்டுக்கு மட்டும் பாரமில்லாத உலோக ஓடு போட்டுக் கொடுத்ததிலிருந்து, அடுத்த வளவில் இருந்த மூத்தவள் றஹ்மாவுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. மாரி தொடங்கியதும் அந்தக் கூரை ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டவள் குடையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தாள்.

"புது ஓட்டுக்குக் கீழயும் வாளியா அம்ரா?"

அம்ரா நனையும் கட்டிலைத் தனியாக இழுத்தாள்.

காலையில் கூரையிலிருந்து கழற்றிய ஸ்குரூ ஆணியை வாப்பா நீட்டினார். "பாருங்க மகள், துறைமுகத்து உப்புக்காத்துக்குச் சாதாரண இரும்பு துருப்பிடிச்சிட்டு. அளவுக்கு மிஞ்சி இறுக்கினதால ஆணித் தலைக்குக் கீழ இருந்த ரப்பர் வாசரும் நசுங்கி வெடிச்சிட்டு. ஆணி ஓட்டையாலதான் தண்ணி இறங்குது."

"செல்ல மகளுக்கு அவசரமாப் போட்டீங்க. என்ர வீட்டை நினைச்சீங்களா?"

"உங்கட வீட்டுக்குத்தான் முதல்ல போட இருந்தனான். 'புதுச் சாமான், தாங்குமோ தெரியாது, ராத்தாட்ட கைப்பிள்ளை இருக்கு, என்ர கூரையில போட்டுப் பார்ப்பம்' எண்டு இவதான் பிடிவாதமா நிண்டவ."

அம்ரா அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "பிழை தெரிஞ்சிட்டுதானே ராத்தா. உங்கட வீட்டுக்குத் துருப்பிடிக்காத ஆணி போடலாம்."

றஹ்மா கட்டிலின் மறுமுனையைப் பிடித்தாள்.