ஐம்பது ரூபாய் காமிக்ஸ்

அத்தோ நூடுல்ஸ் கடை வாசலுக்கு வந்ததும் சில்வியாவுக்குக் கால் பின்வாங்கியது.

எண்பது. சொல்ல வேண்டியது அந்த ஒரு எண்ணைத்தான்.

ராயபுரத்தில் கன்டெய்னர் கம்பெனி வேலை போக மிச்ச நேரத்தில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒரு பெண்ணை வைத்து காமிக்ஸ் போடுகிறாள். முதல் இதழ் இருபது ரூபாய். முந்நூறு பிரதியும் சுடச்சுடப் போயின. அச்சுச் செலவுதான் கையைக் கடித்தது. இரண்டாவதுக்கு ஐம்பது வைத்தாள். எண்பதோடு படுத்துவிட்டது.

பின்னட்டை விளம்பரம் கொடுத்தவர் இந்தக் கடை அசோகன். அவர் கைவிட்டால் மூன்றாவது இதழ் கிடையாது. கிரேன்காரி அந்தரத்திலேயே தொங்க வேண்டியதுதான்.

மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"எண்பதுதாண்ணே வித்துச்சு. அடுத்தத இருபதுக்கே எறக்கிடுறேன்."

அசோகன் அவித்த முட்டையைக் கீறி வெங்காயம் திணித்துக்கொண்டே, மோவாயால் பெஞ்சைக் காட்டினார்.

லாரி டிரைவர் ஒருவர் சூப்பை ஆறவிட்டு அவள் புத்தகத்தில் மூழ்கியிருந்தார். இரண்டு காலேஜ் பெண்கள் அவர் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார்கள். பின்னால் ஒருவர் தட்டும் கையுமாகக் காத்திருந்தார்.

சில்வியாவுக்கு வயிறு குளிர்ந்தது.

அப்புறம்தான் சணல் கயிறு கண்ணில் பட்டது. வங்கியில் பேனாவைக் கட்டிவைப்பதுபோல் புத்தகத்தைத் தூணோடு கட்டியிருந்தார்கள். மூலையெல்லாம் புளித்தண்ணீர்க் கறை.

டிரைவர் எழுந்தார். காத்திருந்தவர் முதல் பக்கத்தைப் பிரித்தார். அதில் அவள் கையெழுத்து: 'அசோகன் அண்ணனுக்கு, அன்புடன்.' விளம்பரம் தந்ததற்காக அவள் சும்மா கொடுத்த பிரதி.

"அம்பது ரூபா குடுக்க மன்சு வராம, தெனம் நாலு பக்கம் படிக்க இங்கதான் வந்துகினு கீறாங்க. ஆளுக்கு ஒரு பிளேட்டு ஓடுது. இன்னாத்துக்கும்மா எறக்குற? எழுபது வையி. வெளம்பரத்துக்கு டபுளா தர்றேன்."

திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. சிரிப்புதான் வந்தது.

ஆனாலும் நாலு பேராவது புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமே என்று ஆசையாக இருந்தது. பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பிளேட் அத்தோ தீரும்வரை, தன் புத்தகத்தின் விலையைக் குறைக்கச் சொல்லி அசோகனிடம் பேரம் பேசினாள்.

அறுபதில் படிந்தது.