ஏர் எடுக்கும் படலம்

மழைநீர் இறைக்கும் இன்ஜினுக்கு டீசல் போகும் குழாயில் காற்று புகுந்துவிட்டது என்ற மாபெரும் உண்மையை, நகராட்சியிலிருந்து வந்த நல்லசாமி குடைபிடித்தபடி ஊருக்கு அறிவித்தார்.

பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வூட்டுக்குள்ள அடுப்பு மிதக்குது சார்! பேசிகினே நிக்கிறீங்களே!"

"ஏர் எடுத்தா ஓடிடும்மா. டேய் செங்குட்டுவா, ஸ்க்ரூவ லூஸ் பண்ணு! டீசல்ல நுரை நிக்கிற வரைக்கும் கைப்பம்ப்ப அடி! வேகமா!"

நனைந்துகொண்டே அடித்தான் செங்குட்டுவன். நுரை நின்றது. ஸ்க்ரூவை இறுக்கியதும் இன்ஜின் உறுமி, தண்ணீரை இறைக்கத் தொடங்கியது. நல்லசாமி கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

"என்னா அதிகாரம்! இந்த ஆபீசர் மேல புகார் குடுக்காம வுட மாட்டேன். நீ நல்ல மெக்கானிக்குப்பா."

"அவரு ஆபீசர் இல்லக்கா, பர்மனென்ட் மெக்கானிக். நான் கான்ட்ராக்ட்ல புல்லு வெட்டுறவன்."