மிலிட்டரி லாரிக்கு நல்ல பிரேக்

ஷெட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். கல்குவாரி முதலாளி ஆதிமூலம், மெக்கானிக் குலாம் ரசூல், டிரைவர் அப்பாசாமி. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அப்பாசாமியிடம் நீட்டினார் முதலாளி.

"குடிடா. காலையிலேர்ந்து எதுவும் சாப்ட்டிருக்க மாட்ட."

எட்டு வருஷத்தில் அவர் கையால் கிடைத்த முதல் டீ. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான் அப்பாசாமி.

மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய லாரி அது. குவாரிப் பள்ளத்தில் அடி தட்டாமல் இருக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி வண்டியைத் தூக்கி, ராட்சச டயர்களை மாட்டியிருந்தார் ஆதிமூலம். பிரேக் மட்டும் பழையது. அவ்வளவு பெரிய டயரைப் பிடித்து நிறுத்த அதற்குச் சக்தி இல்லை. மாற்றச் சொல்லி மூன்று வருஷமாகக் கெஞ்சியிருக்கிறான் அப்பாசாமி.

இன்று விடிகாலை, அடி அண்ணாமலை திருப்பத்தில், பச்சையம்மாள் என்ற பால்காரி கேனோடு ரோட்டைக் கடந்தாள். அப்பாசாமி மிதித்தான். பெடல் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. சக்கரம் ஏறி இறங்கியது உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது. கூட்டம் சேர்வதற்குள் முதலாளியிடம் ஓட்டி வந்துவிட்டான். அடி வாங்கிச் சாக விரும்பாத டிரைவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

"ஜெயிலுக்கு மட்டும் போக முடியாதுங்க மொதலாளி. வூட்ல அவளுக்கு எட்டு மாசம்."

"அதுக்குத்தான்டா இவ்ளோ பாடு. ஊரே பாத்த வண்டி, மறைக்க முடியாது. சாயங்காலம் வண்டியையும் ஒன்னையும் நானே ஸ்டேஷன்ல விடறேன். நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வருவாரு. பிரேக் நல்லா இருந்தா வெறும் ஆக்சிடென்ட். புடிக்கலன்னா, தெரிஞ்சே ஏன்டா ஓட்டுனனு கொலைக் கேஸா எழுதிடுவாங்க. ரெண்டு மாசம் முன்னாடியே மாத்துனதுன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அப்பாசாமி கையெடுத்துக் கும்பிட்டான்.

ரசூல் பெரிய புது பிரேக் டிரம்மை உருட்டி வந்து மாட்டினார். "மூணு வருஷமா வராத மனசு இன்னிக்கு வந்துட்டுதா உங்க மொதலாளிக்கு?"

"ஜாஸ்தி பேசாத பாய். கைய மட்டும் ஓட்டு," என்றார் ஆதிமூலம்.

"பழைய பிரேக்க எங்க வெக்கட்டும்?"

"குவாரித் தண்ணியில போட்டுடு. யார் கண்லயும் படக் கூடாது."

அப்பாசாமியே ஒரு மோபெட்டில் கட்டி எடுத்துப் போய், ஆழம் பார்த்துப் போட்டுவிட்டு வந்தான். போல்ட்டுகளையும் அவனே முறுக்கினான். பளபளப்பு தெரியாமல் பழைய ஆயிலும் மண்ணும் பூசினான்.

மறுநாள் காலை, ஸ்டேஷன் எதிரே பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை வேகமெடுத்து மிதித்தார். புழுதி பறக்க, அடித்து வைத்த முளை மாதிரி நின்றது லாரி.

"ஒரு அடி கூட இழுக்கலயே. எப்பய்யா போட்டது?"

"ரெண்டு மாசம் ஆச்சு சார். மிதிச்சா நின்ன எடத்துல நிக்கும்." அப்பாசாமியின் குரலில் பெருமைகூட இருந்தது.

"வண்டி விஷயத்துல நான் எந்தக் குறையும் வெக்கறதில்ல சார்," என்றார் ஆதிமூலம்.

இன்ஸ்பெக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆதிமூலம் அதை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு அப்பாசாமி பக்கம் திரும்பாமலே ஜீப்பில் ஏறிப் போனார்.

ஏட்டு வந்து அப்பாசாமியின் தோளைத் தொட்டார்.

"வூட்டுக்குப் போலாங்களா சார்?"

அவனை லாக்கப்புக்குள் தள்ளினார் ஏட்டு. கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டில் சாவியைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"இவ்ளோ நல்ல பிரேக்க வெச்சிக்கினு, ஏன்டா மிதிக்கல?"