பொருத்தமான ஜோடி

வாக்கெடுப்புக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. விவாகரத்துச் சட்டம் இல்லாத எங்கள் பிலிப்பைன்ஸில் அதைக் கொண்டுவரும் மசோதாவுக்கு ஒரே ஓர் ஓட்டு குறைந்தது. செனட்டர் கான்சுவெலோவின் மனதை மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில், பத்திரிகையாளர் மாரிவிக் அவரைத் தன் பாட்காஸ்ட்டுக்கு வரவழைத்திருந்தாள்.

அழகிப் போட்டியில் ஆரம்பித்த பேச்சு சிரிப்பும் கும்மாளமுமாகப் போனது. ஒலிப்பதிவைக் கவனித்த ரூஃபினோ குறுக்கிட்டான்.

"மாரிவிக், மைக்கைத் தின்னுடாதே. சாப்பாடு வந்துட்டே இருக்கு."

"நீ முதல்ல பட்டனை ஒழுங்கா அமுக்கு. போன வாரம் அரை மணி நேரம் காத்துக்குத்தான் பேசினேன்."

செனட்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரி மேடம், நாளைக்கு உங்க ஓட்டு?"

"எதிராத்தான்மா. பிரியறவங்கன்னா தட்டை வீசி அடிச்சுக்கணும். சிரிச்சுப் பேசத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு விவாகரத்து? உங்க ரெண்டு பேரையே எடுத்துக்கோ. பேசாம கட்டிக்கோங்க. கல்யாணத்துக்கு ஞானத்தாயா, உங்க நினாங்கா, நானே வந்து சாட்சிக் கையெழுத்துப் போடறேன். வாரம் ரெண்டு கல்யாணத்துக்கு நிக்கிறவ நான். முகத்தைப் பார்த்தே பொருத்தம் சொல்லிடுவேன்."

ரூஃபினோ ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தான். மாரிவிக் மைக்கை அருகில் இழுத்தாள்.

"பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடியே போட்டுட்டீங்க, நினாங். எங்க கல்யாணத்துலதான். ஏழு வருஷமா நாங்க பிரிஞ்சு இருக்கோம்."