பதினேழு நாள் ஆட்டக்காரர்

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக் குழாயை முறுக்கிக்கொண்டிருந்தார் வெண்டல் க்ரூபா.

"நல்லா வேலை செய்யறீங்க. அடுத்த தடவையும் உங்களையே கூப்பிடணும். பேரு என்ன?" என்றாள் வீட்டுக்கார அம்மாள் லொரெய்ன்.

சொன்னார். அடுத்த அறையில் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. அவள் கணவர் டார்வின் ஹேல் நொண்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"மெதுவாங்க. இன்னும் மைதானத்துல ஓடறதா நெனப்பா?" என்றாள் அவள்.

அவர் காதில் வாங்கவில்லை. "எந்த க்ரூபா? 1951ல ரிவர்ட்டன் டீமுக்கு பேஸ்பால் ஆடினவரா?"

வெண்டல் தொட்டிக்கு அடியில் இன்னும் உள்ளே நகர்ந்தார். அவர் சம்பளத்துக்கு ஆடியது மொத்தம் பதினேழு நாள். பதினேழாம் நாள் இறுதி ஆட்டத்தில் அவர் பிடிக்காமல் விட்ட ஒரு பந்தால் கோப்பை கைநழுவியது, வேலையும் போயிற்று. ரிவர்ட்டனில் முடிவெட்டுகிறவர்கூட அவரை நாற்காலியில் உட்காரவிடவில்லை. இரண்டு மாநிலம் தாண்டி வந்து, பதினாறு வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறார். பேஸ்பால் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவார்.

"ஆமா சார்" என்றார் தொட்டிக்கு அடியிலிருந்தே.

ஹேல் அவரை வெளியே இழுத்து, அழுக்குச் சட்டையோடு கட்டிக்கொண்டார். "உங்களால எனக்குக் கெடச்ச சந்தோஷம் என் கல்யாணத்தன்னிக்குக்கூடக் கெடைக்கலை சார்."

"அதை என் எதிர்லயே சொல்லுங்க" என்றாள் லொரெய்ன்.

லொரெய்ன் சுட்ட செர்ரி பை பலகாரம் வந்தது. முதல் துண்டு முடியுமுன் இரண்டாவது துண்டு தட்டில் விழுந்தது. வெண்டல் வியந்துபோனார். மற்ற பதினாறு நாளைப் பார்த்தவரும் உலகத்தில் ஒருவர் இருக்கிறார்!

மூன்றாவது துண்டில் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. "தரையோட வர்ற பந்தைப் புடிக்கறது லேசுப்பட்ட வேலை இல்லை சார். அதுக்குன்னு ஒரு நிலை இருக்கு."

"செஞ்சு காட்டுங்களேன். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்ததை மூவருமே மறந்துவிட்டார்கள். வெண்டல் கையுறைக்குப் பதிலாக ஒரு வாணலியைக் கையில் பிடித்து, சமையலறை நடுவே காலை விரித்து, முழங்காலை மடக்கிக் குனிந்து நின்றார். பதினாறு வருடம் கழித்தும் நிலை பிசகவில்லை என்றே அவருக்குத் தோன்றியது.

ஹேல் சுற்றி வந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "எல்லாம் சரி. கால்தான் இன்னும் கொஞ்சம் அகலமா இருக்கணும்."

"இல்லை சார், நான் எப்பவுமே இவ்வளவுதான் வெப்பேன்."

"கடைசி ஆட்டத்துல அகலமாத்தான் வெச்சிருந்தீங்க. இல்லேன்னா நான் அடிச்ச பந்து எப்படி உங்க காலுக்கு நடுவுல புகுந்து போயிருக்கும்?"