பதினொன்றாவது பெட்டி

“நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இந்த ஊரோட நின்னுக்கறேன்.”

எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டு, பூட்ஸைக் கழற்றி விடுதிப் படியில் ஓரமாக வைத்தார்.

பஸ் டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூற்றுப் பத்து நாளாக மலைப்பாதையில் மூன்று பேரும் சேர்ந்தே நடந்து வந்திருக்கிறார்கள். இன்னும் ஒரே ஒரு கணவாய், ஒன்பது நாள் நடை. பாதை முடிந்துவிடும்.

“என்னண்ணே, விளையாடறீங்களா? முழங்கால் வலிக்குதா?”

“கால் நல்லாத்தான் இருக்கு.”

“பின்னே?”

“போதும்னு தோணுது. விடேன்.”

“விடறதா? ஆத்துல நான் வழுக்கி விழுந்தப்ப என் சட்டையைப் பிடிச்சு இழுத்தது யாரு? உங்களை விட்டுட்டு நான் மட்டும் போய் எல்லைக்கல்லு பக்கத்துல நின்னு பல்லைக் காட்டணுமா?”

எலக்ட்ரீஷியன் சாக்ஸை உதறிக் கொடியில் போட்டார்.

உள்ளே மருந்துக்கடைப் பெண் கொப்புளத்துக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். மூவரில் இளையவள்.

“அண்ணே, அவர் தபால் ஆபீசுக்கே போகல, பாத்தீங்களா?” என்றாள்.

அதுதான் டிரைவரையும் உறுத்தியது. இத்தனை நாள் சாப்பாட்டையும் முதுகில் சுமக்க முடியாது. வழியிலுள்ள தபால் ஆபீஸ்களுக்கு வீட்டிலிருந்து பெட்டி வரும். பெட்டி வரும் ஊர் வந்துவிட்டால் எலக்ட்ரீஷியனுக்குக் கால் தரையில் பாவாது. இவர்கள் ஊருக்குள் நுழைவதற்குள் அவர் பெட்டியோடு எதிரே வருவார்.

அவர் மனைவி அனுப்பும் பெட்டி அப்படி! டிரைவரின் தம்பி அனுப்புவதில் பிஸ்கட் பாதி தூளாகத்தான் வந்து சேரும். அந்த அம்மா அனுப்புவதோ சணல் கயிற்றில் ஏழு முடிச்சு போட்டு, மேலே நம்பர் எழுதி, உள்ளே ஒரு துண்டுச் சீட்டோடு வரும். ‘இந்நேரம் சாக்ஸ் ஓட்டை விழுந்திருக்கும். புது ஜோடி வைத்திருக்கிறேன்’ என்று ஆறாவது பெட்டியில் எழுதியிருந்தாள். பார்த்தால், அதற்கு முந்தின நாள்தான் ஓட்டை விழுந்திருந்தது!

“உங்க வீட்டம்மா பின்னாலேயே ஒளிஞ்சு வர்றாங்களா?” என்று அன்று டிரைவர் கேலி செய்தான்.

“மேப்பை விரிச்சு வச்சுக்கிட்டு இருந்த இடத்துலேயே மொத்தப் பாதையும் நடந்தவடா அவ” என்று சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் நெம்பி அவிழ்த்தார். கத்தி வைக்க விடமாட்டார். கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

“புருஷன் பெண்டாட்டிக்குள்ள ஏதோ சண்டை” என்றான் டிரைவர். “வீட்டுக்குப் போகப் பிடிக்கல. அதான் முரண்டு பண்றாரு.”

“சரி பண்ண முடியாதா?”

“ஏன் முடியாது? நான் போய் மூணு பெட்டியையும் வாங்கிட்டு வரேன்.”

யார் காலில் வலுவிருக்கிறதோ அவர் போய் எல்லோருடைய பெட்டியையும் வாங்கிப் பிரித்துப் பங்கு போடுவது இந்தப் பாதையில் நடப்பவர்களின் வழக்கம். தபால் ஆபீசில் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். அறைக்கு வந்ததும் டிரைவர் கத்தியை எடுத்து ஏழு முடிச்சையும் சரசரவென்று அறுத்தான். அவர் மாதிரி நெம்பிக்கொண்டிருக்க இவனுக்குப் பொறுமை ஏது?

மேலே சீட்டு இருந்தது. டிரைவர் உரக்கப் படித்தான்.

“‘இது பதினொன்று. கணவாய் தாண்டினால் இனி இறக்கம்தான். அவசரப்படாதீர்கள். முழங்கால் பத்திரம். மெதுவாகவே வாருங்கள்.’ பாத்தியா? இவ்வளவு பிரியமா எழுதற மனுஷிகிட்டயா அவருக்குக் கோபம்?”

“பாவம்ண்ணே அந்தக்கா” என்றபடி மருந்துக்கடைப் பெண் வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். இருவருக்கும் அகோரப் பசி. பேச்சுவாக்கில் ஆளுக்கொரு கை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

பெட்டியின் மூலையில் அனுப்புநர் நம்பர் இருந்தது. “அவங்களே ரெண்டு வார்த்தை சொன்னா மனுஷன் ஓடி வந்துடுவாரு” என்று டிரைவர் போனில் நம்பரை அழுத்தினான்.

ஒரு ஆண் குரல் எடுத்தது.

“வணக்கம்ங்க. எலக்ட்ரீஷியன் அண்ணன் கூட நடக்கறவன் பேசறேன். வீட்டம்மாகிட்ட கொஞ்சம் குடுங்களேன்.”



“நான் அவ தம்பி பேசறேன். மாமா உங்ககிட்ட சொல்லவே இல்லையா? அக்கா தவறிப் போய் ஏழு மாசமாச்சுங்க. ரெண்டு பேருமா நடக்கணும்னு ஆசைப்பட்ட பாதை அது. படுக்கையில இருந்துக்கிட்டே பதினோரு பெட்டியும் கட்டி, நம்பர் போட்டு வச்சுட்டா. தேதி பாத்து நான் தபால்ல போடறேன், அவ்வளவுதான்.”

டிரைவர் கத்தியை மடக்கி மேஜையில் வைத்தான்.

“போன வாரம் மாமா போன் பண்ணி ஒரே அழுகை. ‘கடைசிப் பெட்டியை நான் வாங்க மாட்டேன்டா. அவ போட்ட முடிச்சு ஒண்ணாவது அவிழாம இருக்கட்டும். அது பக்கத்துலேயே நானும் இருந்துடறேன்’னாரு. நல்லவேளை, நீங்க கூட இருக்கீங்க. அந்தப் பெட்டி மேல யாரும் கை வச்சுடாம மட்டும் பாத்துக்குங்க.”

மேஜை முழுக்கச் சணல் துண்டுகள் கிடந்தன. வாசலில் எலக்ட்ரீஷியனின் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்முனைப் பேச்சு காதில் விழாத மருந்துக்கடைப் பெண், டிரைவரிடம் காலிப் பொட்டலத்தை உதறிக் காட்டி, “கடலை பிரமாதம்னு அக்காகிட்ட சொல்லுங்கண்ணே, இன்னொரு பெட்டி அனுப்பச் சொல்லுங்க” என்றாள்.