தட்டில் மிஞ்சிய துண்டு

தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. உயிரோடு நறுக்கிய ஆக்டோபஸ் காலின் நுனி. இன்னமும் நெளிந்துகொண்டிருந்தது.

"நீங்க எடுத்துக்குங்க" என்றார் தோகுஜி.

சிசுருவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் கடைசித் துண்டை அந்த மனுஷன் கேட்டு எடுத்ததே இல்லை. பொரித்த கானாங்கெளுத்தியோ, ஊறுகாய் முள்ளங்கியோ, எது மிஞ்சினாலும் அவர் சாப்பாட்டுக் குச்சி பருந்து மாதிரி இறங்கிக் கொத்திக்கொண்டு போகும். 'உனக்கு வேணுமா' என்று ஒரு வார்த்தை கிடையாது. அதற்குத்தான் இந்த விவாகரத்தே. கேட்டவர்களிடமெல்லாம் அவள் அதைத்தான் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. இந்த மதியச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டுக்கடைக்கார ஹமாயோவும் அவள் புருஷனும் விவாகரத்துத் தாளில் சாட்சி முத்திரை குத்துவார்கள். தெருவைத் தாண்டினால் நகராட்சி அலுவலகம். ஐந்தேகாலுக்கு மூடுவதற்குள் தாளைக் கொடுத்துவிட்டால் ஆளுக்கொரு ரயில். நாளைக்குத் தோகுஜி வேலை விஷயமாக ஊரைவிட்டே போகிறார். இன்றைக்கு விட்டால் எப்போதோ.

அந்த மனுஷன் இப்போது 'நீங்க' என்கிறார். ரயிலில் எதிர் இருக்கைக்காரியிடம் சொல்கிற மாதிரி.

"ஐயோ வேணாம், நீங்களே சாப்பிடுங்க." அவள் வாயும் தானாகச் சொன்னது.

"இல்ல இல்ல, எனக்கு வயிறு முட்டிடுச்சு."

"எனக்குக் கழுத்து வரைக்கும் நிக்குது."

வீட்டு மனிதர்களுக்குள் இந்த உபசாரம் கிடையாது. வெளியாரோடு உட்கார்ந்தால்தான் கடைசித் துண்டைத் தொட இந்த அகாஷி ஊரில் ஒருத்தருக்கும் கை வராது. தொட்டவர் பெருந்தீனிக்காரர். துண்டு காய்ந்தாலும் காயலாம், மானம் போகக்கூடாது.

ஹமாயோ முத்திரை டப்பாவோடு வந்து நின்றாள். "இதை எடுக்காம நான் எப்படிம்மா மேசையைத் துடைக்கறது?"

"அப்ப நீங்க எடுத்துக்குங்களேன்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"நானா? நல்லாருக்கே! கடைக்காரி வாடிக்கைக்காரர் தட்டுல கை வைக்கறதா? அதோ அந்த லாரிக்காரரு, நல்லாச் சாப்பிடற ஆளு, அவருகிட்டக் கேளுங்க."

தட்டு லாரிக்காரரிடம் போனது. அவர் எழுந்து நின்று கும்பிட்டு, "டீச்சரம்மாங்க ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க, நான் போய்..." என்று தள்ளிவிட்டார். டீச்சர்கள் நாணிக் கோணி, மூலையிலிருந்த பிக்குவிடம் நகர்த்தினார்கள்.

"நெளியற உயிரை நான் எப்படிம்மா?" என்ற பிக்கு, தன் முன்னாலிருந்த பொரித்த மீன்களை அங்கிக் கையால் மெல்ல மூடிக்கொண்டார்.

கடையையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தட்டு இவர்களிடமே திரும்பி வந்தது.

ஹமாயோ வாசல் திரையைக் கழற்றி உள்ளே வைத்தாள். மதிய வியாபாரம் முடிந்துவிட்டது. ஆனால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒரு துண்டு அநாதையாகக் கிடக்கும்போது எழுந்து போனால் நன்றாகவா இருக்கும்? துறைமுகத்தில் லாரிக்காரரின் மீன் லாரியில் ஐஸ் உருகி வழிந்துகொண்டிருந்தது. சமையல்கட்டிலிருந்து ஹமாயோவின் புருஷன் வந்து, தட்டுக்கு அடியில் பனிக்கட்டி வைத்துவிட்டுப் போனார். டீச்சர்களில் ஒருத்தி அங்கேயே விடைத்தாள் திருத்த ஆரம்பித்தாள்.

வெளியே வெயில் சாய்ந்தது. தோகுஜி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாச்சு. தயவுபண்ணி நீங்களே எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டுக் குனிந்தார். நெற்றி சோயா கிண்ணத்தைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். அப்போதுதான் சிசுரு பார்த்தாள். சட்டைக் காலரில் சலவைக்கடைச் சீட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தானே போய் வெளுக்கப் போட்டிருக்கிறார். சீட்டைக் கிழிக்கத் தெரியவில்லை.

அவள் கை பரபரத்தது. ஆனால் முன்பின் தெரியாத ஆளின் காலரில் எப்படிக் கை வைப்பது?

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

குச்சியால் அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தாள். அது தட்டைக் கவ்விக்கொண்டது. தட்டும் கூடவே எழும்பியது. விடாமல் உதறினாள். தட்டு மேசையில் விழுந்து உருள, துண்டு வாய்க்குள் போயிற்று.

லாரிக்காரர் வாயைப் பிளந்தார்.

"ஏய்! மெல்லு!" தோகுஜி மேசைமேல் பாய்ந்தார். "முழுங்கிடாத, தொண்டையில ஒட்டிக்கும்! நல்லா மெல்லுடி!" அவள் முதுகில் தட்டிக்கொண்டே கத்தினார். "அறிவு இருக்கா உனக்கு? லபக்குன்னு நீயே போட்டுக்கிட்டியே, எனக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

கடை முழுக்க மூச்சு விட்டது. பிக்கு தன் மீனுக்குத் திரும்பினார்.

"அப்பாடா, ஒரு வழியா ஆச்சு" என்று ஹமாயோ டப்பாவைத் திறந்தாள். "முத்திரையைக் குத்திடலாமா?"

சிசுரு தன் வாயைச் சுட்டிக்காட்டினாள். வாய் நிறைய இருக்கும்போது இதெல்லாம் பேசுகிற காரியமா?

"அவசரப்படுத்தாதீங்க" என்றார் தோகுஜி. "அது சீக்கிரத்துல மசியாது. மெல்லட்டும்." சொல்லிக்கொண்டே அவள் கிண்ணத்தில் மிஞ்சியிருந்த முள்ளங்கியைக் கேட்காமல் கொத்தினார். அவள் மென்றபடியே எட்டி அவர் காலர் சீட்டைப் பிய்த்தெறிந்தாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம் நகராட்சி அலுவலகத்தின் கதவை இழுத்து மூடினார்கள்.

சிசுரு இன்னும் மென்றுகொண்டிருந்தாள்.

வாய் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது.